விரற்கடைக்கு ஒரு மணி நேரம்

உலகத்தில் பறக்கிற விமானம் அத்தனையும் வண்ணார்பேட்டை முத்துமாலையைக் கேட்டுத்தான் சக்கரத்தை மடக்கும். அவர் தலையசைத்தால்தான் லண்டனில் ஆள் ஏற்றுவார்கள். அவர் ஒரு தடவை இருமினால் துபாயில் கதவைச் சாத்தாமல் நிறுத்திவைப்பார்கள். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ள இருபத்துநான்கு மணி நேரம் எடுத்துக்கொள்கிறதே, அதுகூட முத்துமாலை போனால் போகிறதென்று விட்டுக்கொடுத்ததுதான். கறாராகப் பிடித்திருந்தால் இருபத்திரண்டரையில் முடித்துக் கொடுத்திருப்பார்.

இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியதில்லை. பரணில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும்.

அவர் செய்கிற தொழில் ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுவது. சாவு வீட்டில் கண்ணாடி மூடி போட்டு, வயரைச் சொருகி, நடு வீட்டில் வைப்பார்களே, அந்தப் பெட்டி. அவரிடம் இரண்டு பெட்டியும், அதை ஏற்றிப் போக ஒரு குட்டியானை வண்டியும் உண்டு. போன் வந்தால் எல்லாரையும் போல, ‘யாரு போயிட்டாவ?’ என்று கேட்க மாட்டார். ‘பிள்ளைய எந்த ஊர்ல இருக்காவ?’ என்பதுதான் முதல் கேள்வி. சென்னை, கோயம்புத்தூர், துபாய் வரைக்கும் சின்னப் பெட்டி. அமெரிக்கா, கனடா என்றால் பெரிய பெட்டி. எல்லாரும் உள்ளூரில்தான் இருக்கிறார்கள் என்று பதில் வந்தால், “அப்ப பெட்டி எதுக்கு? வெயில் தாழத் தூக்கிருங்க. துட்டக் கரியாக்காதிய” என்று போனை வைத்துவிடுவார். பக்கத்தில் நிற்கிற அவர் மனைவி சுடலைவடிவு தலையில் அடித்துக்கொள்வாள்.

“வந்த யாவாரத்த வாசலோட அனுப்புத ஒரே ஆளு நீருதான்.”

“ஏட்டி, பெட்டி செத்தவுகளுக்கு இல்ல. அவுகளுக்கு என்ன, வேர்க்கவா போவுது? வாரவுகளுக்குத்தான் பெட்டி.”

இந்த ஞானம் அவருக்கு மீனிலிருந்து வந்தது. இளம் வயதில் அவர் உவரிக்கு ஐஸ் கொண்டுபோய்க் கொடுத்து, அதே ஐஸில் மீனைப் புதைத்து, பாளையங்கோட்டைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு வருகிற வேலை பார்த்தார். செல்போன் இல்லாத காலம். ஒரு நாள் மீன் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஊரில் அவருடைய அம்மா இறந்துபோனாள். சேதி சொல்ல ஆள் போன வழி வேறு, அவர் வண்டி வந்த வழி வேறு. சந்தையில் மீனை இறக்கி, கையைக் கழுவி, இரண்டு இட்லி தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். உவரிக்கும் வீட்டுக்கும் கூடிப்போனால் எழுபது கிலோமீட்டர். அந்த இரண்டு இட்லியைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் இன்றைக்கு வரைக்கும் அவர் இட்லி தின்று யாரும் பார்த்ததில்லை.

பிறகு பேட்டையில் பட்டறை வைத்திருக்கிற ஞானையாவைப் பிடித்து, பழைய ஐஸ்கிரீம் பெட்டியின் கம்ப்ரசரை வைத்து முதல் பெட்டியைச் செய்தார். அது மாவு மில் மாதிரி சத்தம் போடும். ஒப்பாரி வைக்கிற பெண்கள் அதற்கு மேல் குரலெடுக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த பெட்டிகள் அடக்கமாக வந்தன.

பெட்டிக்காரருக்கு விமானத்தில் என்ன வேலை என்றால், அதுதான் முழு வேலையும். மகன் எப்போது வருவான் என்று தெரிந்தால்தான் எப்போது தூக்குவது என்று முடிவாகும். அதை வைத்துத்தான் மேளம், பூ, வண்டி, ஆற்றங்கரையில் விறகு எல்லாம். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் யாரும் நிதானமாகக் கணக்குப் போட முடியாது. ஆகவே முத்துமாலை போட்டார்.

அதற்கு ஒரு கருவி வைத்திருந்தார். கால்பந்து அளவில் ஓர் உலக உருண்டை. ஒரு பள்ளிக்கூடத்தில் அது காணாமல் போன அதே வாரத்தில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று இங்கே ஆராய வேண்டியதில்லை. அவருடைய இளைய மகன் செந்தூர்பாண்டி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை அனுபவித்தான் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உருண்டையை மடியில் வைத்து, வலது கை ஆள்காட்டி விரலைக் குறுக்காகப் படுக்க வைத்து எண்ணுவார். ஒரு விரற்கடைக்கு ஒரு மணி நேரம். ஏற அரை மணி, இறங்க அரை மணி தனி. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் மூன்று விரல். ஏற இறங்க ஒன்று. ஆக நாலு மணி நேரம். எந்தப் புத்தகத்திலும் இந்தக் கணக்கு கிடையாது. வளைகுடாவுக்குப் போய் வந்த ஒவ்வொருவரையும் மறித்து, எத்தனை மணிக்கு ஏறினாய், எத்தனை மணிக்கு இறங்கினாய், நடுவில் எங்கேயாவது நிறுத்தி டீ குடித்தானா என்று கேட்டுக் கேட்டு, தன் விரலோடு ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. கனடாவிலிருந்து வந்த ஒருத்தனுக்கு நாலே கால் என்று சொன்னார். நாலு பத்துக்கு அவன் வாசலில் செருப்பைக் கழற்றினான். அந்த ஐந்து நிமிடத்துக்காக முத்துமாலை இரண்டு நாள் வருத்தப்பட்டார். ஊர் என்னவோ அன்றைக்கே அவரிடம் சரணடைந்துவிட்டது.

போன ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பேட்டைப் பட்டறையில் பெரிய பெட்டிக்கு ரப்பர் பட்டை மாற்றும்போது மூடி நழுவி அந்த ஆள்காட்டி விரல் மேலேயே விழுந்தது. நர்ஸம்மா பஞ்சும் துணியுமாகச் சுற்றியதில் விரல் கொழுக்கட்டை போல ஆகிவிட்டது. அதையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து மிச்ச வேலையை முடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

வியாழக்கிழமை விடியற்காலம் பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தது. கோமதிசங்கர் என்று தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரே மகள், விஜயஸ்ரீ. நியூசிலாந்தில் ஆக்லாந்து.

“பெரிய பெட்டி” என்று சொல்லி முத்துமாலை எழுந்தார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு விஜயஸ்ரீயிடமிருந்து அவள் அம்மா சொர்ணாம்பாளுக்கு ஒரு செய்தி வந்தது. ‘ஆக்லாந்துல ஏறிட்டேன். சிங்கப்பூர் வரைக்கும்தான் டிக்கெட் கிடைச்சுது. அங்க போய் எது கிடைக்குதோ அதுல வாரேன். அப்பாவ வச்சிருங்க.’ அதற்குப் பிறகு அவளுடைய போன் அணைந்தே கிடந்தது.

போனைத் தட்டினால் விமானம் எங்கே இருக்கிறது என்று தெரியாதா என்று கேட்கலாம். தட்டினார்கள். எந்த விமானம் என்று தெரியாமல் மூன்று பேர் மூன்று போனில் தட்டி மூன்று விடை சொன்னார்கள். அதில் ஒன்று மும்பைக்குப் போகிற விமானம். மதுரைக்கு வருவாளா, திருவனந்தபுரமா, தூத்துக்குடி வாகைக்குளமா என்பதே தெரியாததால் வண்டி அனுப்பவும் வழியில்லை. எல்லாரும் முத்துமாலையைப் பார்த்தார்கள்.

அவர் வண்ணார்பேட்டைக்கு வந்து உருண்டையை மடியில் எடுத்தார். ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர் ஏழு விரல். சிங்கப்பூரிலிருந்து சென்னை இரண்டரை. சென்னையிலிருந்து வாகைக்குளம் அரை விரல். ஒவ்வொன்றுக்கும் ஏற இறங்க ஒன்று. நடுவில் அங்கங்கே குந்தியிருக்கிற நேரம். வாகைக்குளத்திலிருந்து காரில் முக்கால் மணி. கூட்டிக் கழித்து, போய்ச் சொன்னார்: “நாளைக்கு மத்தியானம் ஒரு மணி. அஞ்சு நிமிசம் முன்ன பின்ன.”

கோமதிசங்கரின் அண்ணன் பூதலிங்கம் பிள்ளை பஞ்சாங்கத்தைப் புரட்டினார். எழுபத்தாறு வயது, சர்க்கரை வியாதிக்காரர், அந்த வீட்டுக்கு இப்போது அவர்தான் பெரியவர். “பன்னெண்டு மணியோட ராகு காலம் முடியுது. ஒரு மணிக்கு அவ வந்துருதா. ஒண்ணரைக்குத் தூக்கிரலாம். கொள்ளி வைக்க என் மகன் குமரகுருபரன் இருக்கான். ஒரு குறையும் இல்ல.”

வெள்ளிக்கிழமை ஒரு மணி ஆயிற்று. ஒன்றரையும் ஆயிற்று. தெருமுனையில் எந்தக் காரும் திரும்பவில்லை.

சாவு வீட்டில் தூக்குகிற வரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாது. நேற்று விடியற்காலத்திலிருந்து அந்த வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் காபியில் எத்தனை நேரம் ஓட்ட முடியும்? பந்தலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் துக்கத்தைத் தாண்டிப் பசிக்கு வந்திருந்தார்கள். பூதலிங்கம் பிள்ளை கடிகாரத்தையும் தெருமுனையையும் மாறி மாறி முறைத்தார். அவர் கெட்டவரெல்லாம் இல்லை. தம்பியைப் பறிகொடுத்த மனிதர், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டிருந்தார், அவ்வளவுதான்.

“என்ன வே முத்துமாலை, உம்ம பிளேனு எங்கன நிக்கி? மூணடைப்பு பஸ் ஸ்டாப்புலயா?”

“வந்துரும்யா. பையத்தான் இறக்குவான்.”

“நேத்திக்கே ஏறுனவ வே! இன்னுமா பைய இறக்குதான்? ஒரு தடவ எண்ணித்தான் சொல்லும் பாப்போம், எங்களுக்கும் புரியட்டும்.”

“இதுல என்னய்யா இருக்கு? சிங்கப்பூருக்கு ஏழு விரலு...” என்று முத்துமாலை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார்.

தூக்கிய விரல் அப்படியே நின்றது. கொழுக்கட்டை கண்ணுக்கு நேரே இருந்தது. அந்தத் துணிக்குள்ளே எங்கேயோ ஒரு விரல் இருக்கிறது. அந்த விரல்தான் ஒரு மணி நேரம். துணியோடு சேர்த்தால் அது ஒன்றேகால் மணியா, ஒன்றரையா? நியூசிலாந்தையும் சிங்கப்பூரையும் அவர் நேற்று பஞ்சு வைத்து அளந்திருந்தார்.

“பாத்துட்டு வாரேன்யா” என்று முனகிக்கொண்டு தெருவில் இறங்கி, குட்டியானைக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆவணி வெயிலில் வண்டிக்குள் இட்லி அவிக்கலாம் போல இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டார். செந்தூர்பாண்டி எடுத்தான்.

“ஏலே, அந்த உருண்டைய எடு.”

“உலகத்தையா? வேற ஏதும் வேணுமா? நிலா, கிலா?”

“சிரிச்சே, வந்து மிதிப்பேன். நியூசிலாந்து எங்கன கெடக்கு பாரு. கீழ, வலப்பக்கம்.”

“இருக்கு. தண்ணிக்குள்ள தனியா கெடக்கு, பாவம்.”

“அங்கனயிருந்து சிங்கப்பூருக்கு ஆள்காட்டி வெரல வச்சு எண்ணு.”

உருண்டையை விரலால் தட்டித் தட்டி எண்ணுகிற சத்தம் கேட்டது. “பதினொண்ணு.”

“உன் வெரலு வாரியக்குச்சி மாதிரி ஒல்லி. கட்டை வெரல வையி.”

“எட்டு.”

“ரெண்டுக்கும் நடுவுல, ஒம்பதரைன்னு வையி.”

“இப்பிடித்தான் நானும் கணக்கு போட்டேன். வாத்தியார் பெயிலாக்கிட்டாரு.”

முத்துமாலை சிரிக்கவில்லை. உதட்டுக்குள்ளே எண்ணினார். பிறகு போனில் பேசுகிறோம் என்பதை மறந்தவர் மாதிரி, “நாலரைக்கு மேல ஆயிரும். மூணு மணிக்கு யமகண்டம் தொடங்குது. அதுக்கு முன்ன தூக்கிருவாவ. அந்தப் பிள்ளைக்கு மொகம் கிடைக்காது. என்னாலதாம்லே” என்றார். மறுமுனையில் பையன் ஏதோ சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

வண்டியிலிருந்து இறங்கினார். மறுபடி ஏறினார். டயரை உதைத்துப் பார்த்தார். அதில் காற்று சரியாகத்தான் இருந்தது. கடைசியில் வீட்டின் கொல்லைப்புற வாசல் வழியாக உள்ளே போய், பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சொர்ணாம்பாள் பக்கத்தில், வயரைச் சரிபார்க்கிறவர் போலக் குனிந்தார்.

“தாயி, என் கணக்கு தப்பிப்போச்சு. துணி சுத்துன வெரலோட எண்ணிட்டேன். பிள்ள வர நாலரை, அஞ்சு ஆயிரும். ஐயாகிட்ட போயி உண்மையச் சொல்லி, கால்ல விழுந்திருதேன்.”

சொர்ணாம்பாள் நேற்றிலிருந்து அதிகம் பேசாதவள். கண்ணாடி மூடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்.

“சொல்லாதீய அண்ணாச்சி.”

“தாயி?”

“அஞ்சுன்னு சொன்னிய, இந்த நிமிசமே தூக்கிருவாவ. அஞ்சுக்கு வந்து எப்பத் தூக்க, இருட்டிரும், விடிஞ்சா சனிக்கிழமைம்பாவ. சனிப் பிணம் தனிப் போவாதும்பாவ. பாடையில துணைக்குத் தேங்காயக் கட்டிட்டுப் போனா ஊரு சிரிக்கும்பாவ. இப்ப வந்துருவா, இப்ப வந்துருவான்னே சொல்லிட்டு இருங்க.”

முத்துமாலை திகைத்துப்போனார். ஐந்து நிமிடம் முந்தி வந்தவனுக்காக இரண்டு நாள் வருத்தப்பட்ட மனிதரிடம், மூன்று மணி நேரப் பொய்யைக் கையில் கொடுத்து நடத்தச் சொன்னால் என்ன செய்வார்? ஆனாலும் வெளியே வந்து, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், “இப்ப வந்துருவாவ” என்றார். மேளக்காரரிடம் சொன்னார். பூக்காரரிடம் சொன்னார். தெருவில் போன தபால்காரரிடமும் சொன்னார். தபால்காரர், ‘யார் வருகிறார்?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை மிதித்தார்.

கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. பந்தலுக்கும் தெருமுனைக்கும் நடந்த நடையைச் சேர்த்து வைத்திருந்தால் அவரே வாகைக்குளத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். நடுநடுவே போய் பெட்டியின் சூட்டுமானியைப் பார்த்தார். அது நேற்றிலிருந்து ஒரே எண்ணில்தான் நின்றது. அதைவிட நிதானமான ஒன்று அந்த வீட்டில் இல்லை.

இரண்டேகாலுக்குப் பாடை கட்டி முடிந்தது. இரண்டரைக்குப் பூதலிங்கம் பிள்ளை எழுந்து நின்றார்.

“இனிமே பொறுக்க முடியாது. மூணுல இருந்து நாலரை யமகண்டம். அதுக்குள்ள வாசப்படி தாண்டிரணும். குமரு, நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கப் புறப்படு. வே முத்துமாலை, பெட்டியக் கழத்தும்.”

“இப்ப வந்துருவாவய்யா...”

“இந்த ‘இப்ப’வ நான் ஒரு மணியிலேருந்து கேக்கேன் வே! என் தம்பிய நான் வச்சுப் பாக்க மாட்டேன்னா சொல்லுதேன்? வாரவ எந்த ஊர்ல நிக்கான்னே தெரியலியே!”

உள்ளேயிருந்து சொர்ணாம்பாளின் சத்தம் கிளம்பியது. இரண்டு நாளாக அழாதவள் அழுதாள். முத்துமாலை உள்ளே போய்ச் சுவரோரம் குந்தி, பிளக்கைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். பிளக்கைப் பிடுங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அவரிடம் விரற்கணக்கு எதுவும் இல்லை.

அப்போதுதான் குமரகுருபரனின் போன் அடித்தது. ஊரெல்லாம் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் அவன் எண்ணைத்தான் போட்டிருந்தார்கள். நேற்றிலிருந்து யார் யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள். இது புது எண். எரிச்சலோடு எடுத்தவன், கேட்டதும் முகம் மாறி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான்.

“வணக்கம். விமான நிலையத்திலிருந்து பேசுகிறோம்” என்றது போன். மூக்கடைத்த, மிக மரியாதையான குரல். “பயணி விஜயஸ்ரீ கோமதிசங்கர் அவர்கள் நலமாகத் தரையிறங்கிவிட்டார். தமது உடைமைகளுக்காகக் காத்திருக்கிறார். அவர் வந்துசேரும் வரை காரியங்களை நிறுத்திவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.” பின்னணியில் பெரிய கூச்சல், இரைச்சல். “நன்றி. வணக்கம்.” போன் துண்டித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இப்படி அடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பந்தலே ஒரு பெருமூச்சு விட்டது. பூதலிங்கம் பிள்ளையின் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ஒரு வெளிச்சம். “பாத்தியா? ஏர்ப்போர்ட்டுலயே நம்ம வீட்டு விசயத்தக் கவனிக்காவ. தாலுகா ஆபீஸ்காரன்னா சும்மாவா?” பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “வாகைக்குளத்துலேருந்து முக்கால் மணி. அதுக்குள்ள யமகண்டம் பொறந்துரும். சரி, நாலரைக்கே தூக்குவோம். வெளிச்சம் இருக்கும்.”

முத்துமாலை பிளக்கை விட்டார். எந்த விமான நிலையமும் யாருக்கும் இப்படிப் போன் போட்டு அவர் கேட்டதில்லை. ஆனால் அதைச் சொல்ல அவர் என்ன பைத்தியமா?

மூன்று மணிக்கு யமகண்டம் வந்து வாசலை மறித்து உட்கார்ந்தது. இனி நாலரை வரைக்கும் பெரியவரே நினைத்தாலும் அசைக்க முடியாது. மூன்றரை ஆயிற்று. கார் வரவில்லை. “பெட்டி வர நேரமாகும் பெரியப்பா” என்று விமானம் ஏறிய ஓர் உறவுக்காரர் சமாதானம் சொன்னார். நாலு ஆயிற்று. “வழியில டிராபிக்கா இருக்கும்.” வாகைக்குளம் ரோட்டில் என்ன டிராபிக் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தெம்பில்லை. நாலேகாலுக்குப் பூதலிங்கம் பிள்ளை குமரகுருபரனைப் பார்த்து, “அந்த நம்பருக்கு அடிச்சுப் பாரு” என்றார். யாரோ ஒருவர் எடுத்து, “ஹலோ, யாருங்க? நான் கரும்பு ஜூஸ் கடை” என்றார். “ராங் நம்பர் ஆயிட்டு” என்று குமரகுருபரன் வைத்துவிட்டான்.

நாலரை.

“கழத்தும் வே.”

முத்துமாலை எழுந்தார். பதினைந்து வருடமாக ஒரே இழுப்பில் பிளக்கைப் பிடுங்கியவர், அன்று சொன்னார்: “ஐயா, பெரிய பெட்டி. ரெட்டைக் கம்ப்ரசர். பொசுக்குன்னு நிறுத்துனா வெடிச்சிரும். பத்து நிமிசம் பைய இறக்கணும்.”

“நேத்து வச்சப்ப சொல்லலியே?”

“வைக்கும்போது வெடிக்காதுய்யா.”

ஒரு சுவிட்சை அணைத்தார். காத்திருந்தார். அதை மறுபடி போட்டார். வேறொன்றை அணைத்தார். கண்ணாடியை ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார். சொர்ணாம்பாள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் முடிந்தது. இன்னும் இரண்டு நிமிடம், ஒரு திருகாணி இறுகிவிட்டது என்றார். அந்தப் பெட்டியில் திருகாணியே கிடையாது.

தெருமுனையில் ஒரு வாடகைக் கார் திரும்புகிற சத்தம் கேட்டது.

முத்துமாலைக்குத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வருகிறவர் வாசலில் கால் வைக்கும்போதே மூடியைத் தூக்கிவிடுவார். எவ்வளவோ தூரம் தாண்டி வந்தவர்கள் கடைசியில் கண்ணாடியில் முட்டிக்கொள்ளக் கூடாது. அடிபட்ட விரலைக் கொடுத்துத் தூக்கினார். வலி உச்சிக்கு ஏறியது. மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வழக்கம் போல வருகிறவரின் முகத்தைப் பார்க்காமல், பிளக் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

விஜயஸ்ரீ தோளில் ஒரு பையோடு, கலைந்த தலையோடு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் நெஞ்சில் கை வைத்தாள். குளிர்ச்சியில் கை பின்வாங்கியது, மறுபடி வைத்தாள்.

“எத்தனை தடவ அடிச்சேன். போனை எடுக்கவே இல்லையேப்பா.”

ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. சிங்கப்பூரில் அவள் போன் அணைந்துவிட்டது. சார்ஜர் சரக்கில் போட்ட பெட்டியில். சிங்கப்பூரிலும் சென்னையிலும் முன்பின் தெரியாதவர்களிடம் போன் வாங்கிப் பேசப் பார்த்திருக்கிறாள். மனப்பாடமாக அவளுக்குத் தெரிந்த ஒரே எண் அப்பாவுடையது. அந்தப் போன் நேற்றுக் காலையிலிருந்து சத்தம் அடக்கி அலமாரிக்குள் கிடந்தது.

முதலில் உடைந்தவர் பூதலிங்கம் பிள்ளைதான். “எங்கண்ணு, ஒன்ன விட்டுட்டுத் தூக்கப் பாத்தேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார். அழுது ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவருக்கு அது தோன்றியது. “ஆமா தாயி, ரெண்டே முக்காலுக்கு இறங்கிட்டேன்னு போன் வந்துச்சு. இவ்வளவு நேரமா பெட்டி வந்துச்சு?”

“மூணரைக்குத்தான் பெரியப்பா இறங்குனேன்.”

“அப்ப போன் பண்ணது யாரு?”

முத்துமாலை வயரைச் சுருட்டினார். வயர் ஒரு முறை சுருட்டியாயிற்று. அதைப் பிரித்து இன்னொரு முறை சுருட்டினார்.

ஐந்தேகாலுக்குத் தூக்கினார்கள். ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்தபோது தண்ணீரில் இன்னும் வெளிச்சம் இருந்தது. முத்துமாலை அன்று வாடகையைக் கேட்காமலே வந்துவிட்டார். சுடலைவடிவு இரண்டு நாள் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகு செந்தூர்பாண்டி இதையெல்லாம் ஒரு பழைய நோட்டின் பின்பக்கங்களில் எழுதினான். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அப்பாவையே துருவித் துருவிக் கேட்டு எழுதினான். எழுதியதை அவரிடமே உட்கார்ந்து வாசித்தும் காட்டினான். முத்துமாலை சின்னப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இட்லி வந்த இடத்தில் துணியைப் பிழியப் போனவர், வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. மற்றபடி குறுக்கே பேசவில்லை. வாசித்து முடித்ததும், “எழுத்துக்கூட்டியாவது எழுதியிருக்கியே. நல்லாத்தான் இருக்கு” என்றார்.

செந்தூர்பாண்டி நோட்டை மடித்து எழுந்தான்.

“இருலே. நடுவுல ஒரு புண்ணியவான் வாரானே, அவன் எவன்?”

“அது யாருக்குப்பா தெரியும்? ஏர்ப்போர்ட்டுக்காரனா இருக்கும்.”

“ஓகோ.” முத்துமாலை துணியை உதறித் தோளில் போட்டார். கட்டு அவிழ்த்த விரலை நீட்டி, மகனின் மூக்கைப் பிடித்தார். “பின்னால பெரிய கூச்சல், இரைச்சலுன்னு மட்டும் எழுதியிருக்க. கூச்சல்ல என்ன கேட்டுச்சுன்னு எழுதலையே. பிளக்கப் பிடிச்சுட்டு பக்கத்துல குந்தியிருந்தவன் நான். எந்த ஏர்ப்போர்ட்டுக்குள்ள நின்னுலே ஒரு கண்டக்டர், ‘வண்ணார்பேட்டை எறங்கு, வண்ணார்பேட்டை எறங்கு’ன்னு கத்துதான்?”